ரெண்டாவது மானிட்டர் என்ன பாவம் செய்தது?

மக்களே, இது ஒரு சண்டைப் பதிவு. கேம் பக்கமே போகாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

எங்கள் வகுப்பில் யாராவது "மச்சி, ரெண்டு மானிட்டர் போட்டதுலேர்ந்து கேம் லேக் அடிக்குதுடா" என்று வாயைத் திறந்தால் போதும், ரெடிமேடாக இரண்டு பதில் வரும். ஒன்று, "ரெண்டாவதைக் கழட்டிட்டு ஆடு". இன்னொன்று, "கார்டு பத்தலடா, மாத்து". முதல் பதில் காசு கேட்காது, ஆனால் ஆசையாக வாங்கிய மானிட்டரை அட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைக்கச் சொல்கிறது. இரண்டாவது பதில் அப்பா முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கச் சொல்கிறது. என்ன கார்டு, எந்த கேபிள் எங்கே போகிறது, ரெண்டாவது திரையில் என்ன ஓடுகிறது, கேம் எந்த மோடில் ஓடுகிறது - இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நெட்டில் தேடினாலும் இதே இரண்டு பதில்தான் வெவ்வேறு மொழியில் கிடைக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டாவது மானிட்டர் சும்மா பக்கத்தில் எரிந்துகொண்டிருப்பதால் மட்டும் கேம் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையாது. குறைகிறது என்றால் வேறு எங்கோ கோளாறு. அந்தக் கோளாறு முக்கால்வாசி நேரம் காசில்லாமலோ ஒரு கேபிள் காசிலோ சரியாகும்.

சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே காட்டுகிறேன். சாதாரண ஃபுல் எச்டி திரை 1920-க்கு 1080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட். ஆக ஒரு முழுத் திரைப் படம் 8.3 எம்பி. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் கார்டு அந்தப் படத்தைத் தன் மெமரியிலிருந்து நொடிக்கு 60 தடவை படித்து கேபிளில் தள்ள வேண்டும். 8.3-ஐ 60-ஆல் பெருக்குங்கள், நொடிக்குச் சுமார் 500 எம்பி. பெரிய எண் மாதிரி இருக்கிறதா? 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, நம்ம பசங்க பாதிப் பேர் வைத்திருக்கும் ஏழைபாழைக் கார்டு, அதன் மெமரி நொடிக்கு 128 ஜிபி கடத்தும். 128 ஜிபியில் அரை ஜிபி என்பது 0.4 சதவீதம். கேமுக்கு மெமரி வேகம் மட்டும்தான் தடை என்றே வைத்துக்கொண்டாலும், 100 ஃப்ரேம் வந்த இடத்தில் அரை ஃப்ரேம் குறையலாம். அவ்வளவுதான்! இடம் என்று பார்த்தாலும் 4 ஜிபி கார்டில் எட்டோ பத்தோ எம்பி, நாலைந்து நகல் வைத்தாலும் ஐம்பதைத் தாண்டாது.

இத்தனைக்கும் ரெண்டு திரை என்பது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. விண்டோஸ் 98-லேயே ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளை இணைக்கலாம். 1999-ல் வந்த மேட்ராக்ஸ் ஜி400 ஒரே கார்டில் ரெண்டு மானிட்டரை ஓட்டியது. அந்தக் காலத்துக் கார்டு சுமந்த பாரத்தை இன்றைய கார்டு சுமக்காதாம், கேளுங்கள்!

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 2009-ல் ஏஎம்டி 'ஐஃபினிட்டி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அடுத்த வருஷம் என்விடியா 'சரவுண்ட்' என்றது. மூன்று மானிட்டரை வரிசையாக வைத்து ஒரே கேமை மூன்றிலும் பரப்புவது. அப்போது கேம் வரைய வேண்டியது 5760-க்கு 1080, அதாவது 62 லட்சம் புள்ளிகள். வேலை மூன்று மடங்கு, வேகம் அடிவாங்கத்தான் செய்யும். அதில் சண்டையே இல்லை. ஆனால் கேம் ஒரு திரையிலும் பக்கத்தில் வெறும் டெஸ்க்டாப்பும் இருப்பது முற்றிலும் வேறு விஷயம். டெஸ்க்டாப்பில் யாரும் மரம், மட்டை, வெடிகுண்டுப் புகை எல்லாம் வரைவதில்லை. முதலாவதில் பார்த்ததை இரண்டாவதுக்கு அப்படியே ஒட்டிவிட்டார்கள், அது வாய்வழியாகவே பரவிவிட்டது.

"அப்புறம் ஏன்டா எனக்கு நிஜமாவே குறையுது?" என்பீர்கள். நியாயமான கேள்வி.

எங்கள் பெரியம்மா பையன் கதையைக் கேளுங்கள். 2021. கார்டு விலை எல்லாம் வானத்தில் இருந்த வருஷம், ஒரு பக்கம் சிப் தட்டுப்பாடு, இன்னொரு பக்கம் மைனிங் கூட்டம். அண்ணன் புதிதாக ரெண்டாவது மானிட்டர் வாங்கினான். கடையிலிருந்து வந்த ஆள் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரியே 90-ல் ஓடிய கேம் 40-க்கு வந்துவிட்டது. கடைக்குப் போன் போட்டால், "தம்பி, இந்தக் கார்டு ஒரு மானிட்டருக்குத்தான். ரெண்டுன்னா தாங்காது". அண்ணன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 32 ஆயிரத்துக்கு செகண்ட் ஹேண்ட் கார்டு ஒன்றை அதே கடையில் வாங்கினான். மாட்டினார்கள். 50 வந்தது. ஐம்பது!

பொட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கார்டில் எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்றுதான், மற்றவை டிஸ்ப்ளேபோர்ட். கடை ஆளிடம் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இல்லை. அதனால் புது மானிட்டரைக் கார்டில் சொருகிவிட்டு, பழைய மெயின் மானிட்டரின் கேபிளை மேலே மதர்போர்டு ஓட்டையில் சொருகியிருக்கிறார். அது ஓடுவதற்காக பயாஸில் போய் மதர்போர்டு கிராபிக்ஸை வேறு ஆன் செய்திருக்கிறார், அவ்வளவு அக்கறை. கேம் திறப்பதோ மெயின் மானிட்டரில். இப்படி மாட்டினால் சில கேம்கள் பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸிலேயே வரையும். சில கேம்கள் கார்டில் வரைந்து, ஒவ்வொரு ஃப்ரேமையும் நகல் எடுத்து மதர்போர்டு பக்கம் அனுப்பி, அங்கிருந்து மானிட்டருக்குப் போகும். மூக்கைச் சுற்றித் தொடுவது என்பார்களே, அதேதான். 600 ரூபாய்க்கு ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கி ரெண்டு மானிட்டரையும் கார்டிலேயே மாட்டியதும் வேகம் வந்துவிட்டது. பழைய கார்டைத் திரும்ப வைத்துப் பார்த்தோம், அதிலும் பழைய 90 வந்தது. 32 ஆயிரம்? அது போனது போனதுதான்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் நம்ம வகுப்பு நிபுணர்களைப் போலவே அந்தப் பதில் மனப்பாடம், அவ்வளவுதான். மனப்பாடப் பதிலுக்கு 32 ஆயிரம் கொடுப்பது நாம்தான்.

ஆகவே ரெண்டு மானிட்டர்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது பொட்டியின் முதுகு. கார்டின் ஓட்டைகள் படுக்கைவசமாகக் கீழே இருக்கும், மதர்போர்டு ஓட்டைகள் யுஎஸ்பி பக்கத்தில் மேலே இருக்கும். ரெண்டு கேபிளும் கீழே இருக்கிறதா? அடுத்தது டிஸ்ப்ளே செட்டிங்கில் ஒவ்வொரு திரைக்கும் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். 144 மானிட்டரைக் காசு கொடுத்து வாங்கி 60-லேயே ஓட்டுகிற புண்ணியவான்கள் நிறைய. 'டூப்ளிகேட்' என்று இருந்தால் 'எக்ஸ்டெண்ட்' ஆக்குங்கள். டூப்ளிகேட்டில் ரெண்டு திரைக்கும் ஒரே படம் போக வேண்டியிருப்பதால், நல்ல மானிட்டர் மட்டமான மானிட்டரின் அளவுக்கு இறங்கி வர நேரும்.

இனி இதில் சுவாரசியமான வில்லன். விண்டோஸில் எல்லா ஜன்னல்களையும் சேர்த்து ஒரே படமாகக் கோத்துத் திரைக்கு அனுப்ப ஒரு ஆசாமி இருக்கிறார், டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர். 2007-ல் விஸ்டாவோடு வந்தவர். விண்டோஸ் 7 வரை அவரை அணைத்து வைக்க முடிந்தது, 8-லிருந்து முடியாது. பழைய பாணி முழுத்திரை மோடில் கேம் அவரைத் தாண்டி நேராகத் திரைக்குப் போய்விடும். ஆனால் அந்த மோடில் பக்கத்துத் திரையில் ஒரு கிளிக் செய்தால் கேம் சுருண்டு கீழே போய்விடும். ரெண்டு மானிட்டர் வாங்குவதே பக்கத்தில் அரட்டைப் பெட்டியையோ மேட்சையோ பார்க்கத்தானே? அதனால் ரெண்டு மானிட்டர்காரர்கள் எல்லாரும் கேமை 'பார்டர்லெஸ்' மோடுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பழைய முறையில் எழுதப்பட்ட கேம் பார்டர்லெஸ்ஸில் ஓடினால் ஒவ்வொரு ஃப்ரேமும் மேனேஜர் கைக்குப் போய், நகலாகி, அவர் தாளத்துக்கு வெளியே வரும். வேகம் கொஞ்சம் குறையும், தாமதம் கூடும். கவனியுங்கள், இங்கே மாறியது மோடு. பழி விழுந்தது மானிட்டர் மேல்!

அந்த மேனேஜருக்கு ரொம்ப நாள் இன்னொரு வியாதியும் இருந்தது. ஒரு திரை 144 ஹெர்ட்ஸ், பக்கத்தில் பழைய 60 ஹெர்ட்ஸ். 60 திரையில் ஏதாவது அசைந்தால், ஒரு யூடியூப் வீடியோ ஓடினாலே, 144 திரையில் பார்டர்லெஸ்ஸில் ஓடும் கேம் திக்கித் திக்கி வரும். ரெண்டு திரைக்கும் தனித்தனித் தாளம் போட அவருக்குத் தெரியவில்லை. 144-ஐ 120 ஆக்கினால் 60-க்குச் சரியாக ரெண்டு மடங்கு வரும் என்று ஆளாளுக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் (பெயரே 2004, குழப்பம் வேண்டாம், அது வருஷம் இல்லை) இது பெருமளவு சரியானது. வேக மானிட்டர்கள் கடைக்கு வந்து எத்தனையோ வருஷம் கழித்து! அத்தனை வருஷமும் "கார்டை மாத்து" என்ற உபதேசத்தைக் கேட்டு எத்தனை பேர் மாற்றியிருப்பார்கள்? எந்தக் கார்டைப் போட்டாலும் அந்தத் திக்கல் போயிருக்காது, ஏனென்றால் அது கார்டில் இல்லை.

2022-ல் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில் 'ஆப்டிமைசேஷன்ஸ் ஃபார் விண்டோடு கேம்ஸ்' என்று ஒரு சுவிட்ச், டிஸ்ப்ளே செட்டிங்கில் கிராபிக்ஸ் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்களைப் புது முறைக்கு மாற்றி, பார்டர்லெஸ்ஸிலும் மேனேஜரைத் தாண்டி நேராகப் போக வழி செய்யும். ஆன் செய்து ஒரு முறை கேமை மூடித் திறந்து பாருங்கள். பைசா செலவில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, இன்னும் அதிலேயே இருப்பவர்களுக்கு இந்த சுவிட்ச் கிடையாது. குறைந்தது 2004-க்கு அப்புறமான பதிப்பாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட்டை ஆஃப் செய்து வைப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நண்பர்கள் இரண்டு முறை பார்க்கவும்.

சரி, ரெண்டாவது திரையில் என்னதான் ஓடுகிறது? இதை யாருமே கேட்பதில்லை. ஒரு பையன் ஐபிஎல் மேட்ச், பிரவுசரில் இருபது டேப், அசையும் வால்பேப்பர், ஸ்ட்ரீமிங் மென்பொருளின் ப்ரிவ்யூ, சிபியூ சூட்டை நொடிக்கு நாலு தடவை எட்டிப் பார்க்கும் ஒரு மானி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு "ரெண்டாவது மானிட்டரால ஸ்லோ" என்கிறான். ஐயா, இதெல்லாம் மானிட்டரா? வீட்டுக்கு விருந்தாளி நாற்பது பேரைக் கூட்டி வந்துவிட்டு, திண்ணை கட்டினதுதான் தப்பு என்பது மாதிரி இருக்கிறது. யூடியூப் சில வீடியோக்களை ஏவி1 என்ற முறையில் அனுப்பும். ஜிடிஎக்ஸ் 1650-ல் அதைப் பிரிக்கும் சில்லு கிடையாது, என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில்தான் வந்தது. சில்லு இல்லாவிட்டால் பாரம் பிராசஸர் தலையில். நாலு கோர் பிராசஸரில் கேமும் ஓடி இதுவும் ஓடினால் மூச்சு வாங்கும். சோதிப்பது சுலபம்: மானிட்டரை அப்படியே விட்டுவிட்டு, அதில் ஓடுவதை மட்டும் ஒவ்வொன்றாக மூடுங்கள். வேகம் திரும்பினால் குற்றவாளி பிடிபட்டான்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். பல கேம்கள் தங்கள் ஜன்னலில் ஃபோகஸ் இல்லை என்றதும் வேண்டுமென்றே 30-க்கோ அதற்கும் கீழோ இறங்கிக்கொள்ளும். கேம் செட்டிங்கில் 'பேக்கிரவுண்ட் எஃப்பிஎஸ்' என்று இருக்கும், என்விடியா கண்ட்ரோல் பேனலிலும் ஒன்று உண்டு. பக்கத்துத் திரையில் அரட்டைக்குப் பதில் அடித்துக்கொண்டே "பாரு பாரு, குறையுது" என்று காட்டுகிறவர்களுக்கு இது சமர்ப்பணம்.

லேப்டாப்காரர்களே, கழட்டல் கட்சியின் வண்டவாளம் உங்களிடம்தான் தெரியும். தனிக் கார்டு உள்ள பல லேப்டாப்களில் உள் திரை பிராசஸரின் கிராபிக்ஸோடு இணைக்கப்பட்டிருக்கும். கார்டு வரைகிற ஒவ்வொரு ஃப்ரேமும் அந்த வழியாக நகலாகித்தான் திரைக்கு வரும். என்விடியா 2010-ல் 'ஆப்டிமஸ்' என்று கொண்டுவந்தது இந்த ஏற்பாட்டைத்தான், பேட்டரி மிச்சம் பிடிக்க. ஆனால் பல மாடல்களில் எச்டிஎம்ஐ ஓட்டை நேரடியாகக் கார்டோடு இணைந்திருக்கும். அப்படிப்பட்ட லேப்டாப்பில் வெளி மானிட்டரை மாட்டி, கேமை அதில் மட்டும் ஓட்டினால் வேகம் ஏறும், ஏறும்! "கழட்டு" என்ற உபதேசத்தைக் கேட்டால் இருந்ததும் போகும். எந்த ஓட்டை எதோடு இணைந்திருக்கிறது என்று என்விடியா கண்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் பக்கத்தில் படமாகவே காட்டும். நேர் எதிரான கதை யுஎஸ்பி வழியாக மானிட்டர் இணைக்கும் டிஸ்ப்ளேலிங்க் டாக்குகள். அவை படத்தைச் சுருக்கி யுஎஸ்பியில் அனுப்ப பிராசஸரைப் பிடித்து வேலை வாங்கும். ஆபீஸ் எக்செல்லுக்கு நன்று, கேமுக்கு வேண்டாம்.

எதிர்க்கட்சிக்கும் நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா? தனிக் கார்டே இல்லாமல், பிராசஸர் கிராபிக்ஸில் ஆடுகிறவர்களுக்கு அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அங்கே கார்டு மெமரி கிடையாது, சாதாரண ரேமைத்தான் பங்கு போட வேண்டும். டிடிஆர்4 2666 ரேம் ஒரே ஒரு குச்சி என்றால் நொடிக்கு 21.3 ஜிபி. ஃபுல் எச்டி திரை அதில் 2.3 சதவீதம் எடுக்கும், 4கே திரை என்றால் 60 ஹெர்ட்ஸில் 9 சதவீதத்துக்கு மேல். அது உறைக்கும். ஆனால் அங்கேயும் முதல் வைத்தியம் கழட்டுவது இல்லை, இன்னொரு ரேம் குச்சி போட்டு அதை இரட்டிப்பாக்குவது.

சூடும் உண்மை. ரெண்டு திரையின் ஹெர்ட்ஸும் வேறு வேறாக இருந்தால், பல கார்டுகள் சும்மா இருக்கும்போதும் மெமரி வேகத்தைக் குறைக்க முடியாமல் தவிக்கும். வேகத்தை மாற்றத் திரை மூச்சு விடும் அந்தச் சின்ன இடைவெளி வேண்டும், ரெண்டு திரையின் இடைவெளியும் ஒத்துப்போகாது. 2022 டிசம்பரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 7900 கார்டுகளில் இது பெரிய புகாராகி, ஏஎம்டியே தெரிந்த குறை என்று ஒப்புக்கொண்டது. கரண்ட் பில்லும் சித்திரை வெயிலில் அறைச் சூடும் ஏறும். ஆனால் இது சும்மா இருக்கும் நேரத்துக் கதை. கேம் ஓடும்போது மெமரி எப்படியும் முழு வேகத்தில்தான் இருக்கும்.

"போடா, நான் கழட்டினேன், சரியாச்சு, இதுக்கு மேல என்ன ஆதாரம்?" என்று பின்னூட்டம் வரும், தெரியும். கழட்டும்போது என்னவெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள். அதில் ஓடிய வீடியோவை அதோடு நிறுத்தியிருப்பீர்கள். 60-ஐயும் 144-ஐயும் கலந்த தாளம் போகிறது. தப்பான ஓட்டையில் இருந்த கேபிள் சரியான ஓட்டைக்கு வருகிறது. இனிமேல் எதற்கு என்று பார்டர்லெஸ்ஸை விட்டு முழுத்திரைக்கும் போகிறீர்கள். நாலு மாற்றத்தை ஒரே அடியில் செய்துவிட்டு, அதில் மானிட்டர் மட்டும்தான் காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பத்தியத்தையும் மாத்திரையையும் ஒரே நாளில் ஆரம்பித்துவிட்டு, தாயத்துதான் குணமாக்கியது என்கிறீர்கள்.

ஒழுங்காகச் சோதிக்க இன்டெல் இலவசமாகவே தரும் பிரசன்ட்மான் போதும். கேமில் ஒரே இடம், ஒரே ஓட்டம், ஒரு நிமிஷம். ரெண்டாவது திரை எரிந்தபடி ஒன்று, விண்டோஸில் அதை டிஸ்கனெக்ட் செய்து ஒன்று, ஒவ்வொன்றையும் மூன்று தடவை. சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். சராசரி 60 இருந்தும் நடுநடுவே ஒரு ஃப்ரேம் 50 மில்லி செகண்ட் எடுத்தால் கண்ணுக்குத் திக்கல்தான் தெரியும். அதனால் '1 சதவீத லோ' எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். 'பிரசன்ட் மோடு' என்று ஒரு வரி காட்டும், அதில் 'இண்டிபெண்டன்ட் ஃப்ளிப்' என்று இருந்தால் கேம் நேர்வழியில் போகிறது. 'கம்போஸ்டு ஃப்ளிப்', 'கம்போஸ்டு காப்பி' என்றால் மேனேஜர் வழி. கேம் மேல் ஏதாவது குட்டிப் பெட்டி மிதந்தாலும் நேர்வழி போய்விடலாம், அதையும் மூடிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மொத்தமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

வகுப்புக் கண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை என்னிடம் லேக் என்று வரும்போது பொட்டியின் முதுகை ஒரு போட்டோ, பிரசன்ட்மான் எண்கள், ரெண்டாவது திரையில் என்ன ஓடியது என்ற உண்மையான பட்டியல், மூன்றும் கையில் இருக்கட்டும். மேட்ச் ஓடியதை மறைக்க வேண்டாம், ஸ்கோர் எனக்கும் வேணும் :-)